கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதி: ஓசூரில் வேலை, ஊரில் ஓட்டு

லைன்வீடு | 1 ஏப்ரல் 2024, இரவு 10.40

வேட்புமனு வாபஸ் முடிந்துவிட்டது, சின்னமும் ஒதுக்கியாகிவிட்டது. டிவியில் நம் தொகுதியைப் பற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுகிற ஆளைக் காணோம். "கிருஷ்ணகிரியா, அது காங்கிரஸ் கூட்டணிக்குப் பாதுகாப்பான தொகுதி" என்று சொல்லிவிட்டு உடனே கோயம்புத்தூருக்குப் போய்விடுகிறார்கள். நம்மைப் பற்றி நாமே எழுதிவைப்போம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வெளியூர் ஆட்களுக்காக முதலில் கொஞ்சம் அடிப்படை. ஊத்தங்கரை (தனி), பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என்று ஆறு சட்டமன்றப் பகுதிகள். மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். 2004, 2009 இரண்டிலும் தி.மு.க.வின் இ.ஜி. சுகவனம் ஜெயித்தார். 2014-இல் அ.தி.மு.க.வின் அசோக்குமார். 2019-இல் காங்கிரஸின் செல்லக்குமார், கே.பி. முனுசாமியை 1.56 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். இந்த முறை காங்கிரஸில் கோபிநாத் நிற்கிறார். 2001, 2006, 2011 மூன்று தேர்தலிலும் ஓசூர் எம்.எல்.ஏ.வாக வந்தவர். அ.தி.மு.க.வில் ஜெயப்பிரகாஷ், பா.ஜ.க.வில் முன்னாள் எம்.பி. நரசிம்மன், நாம் தமிழரில் வீரப்பனின் மகள் வித்யா.

இனி நான் சொல்ல வந்தது. எனக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம். 19 வருடமாக ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறேன். எங்கள் லைன் வீட்டில் பத்துக் கதவு, ஒரே ஒரு குழாய். காலை ஐந்தரைக்கு ஏ ஷிப்ட் ஆட்கள் வாசலில் இருக்கிற சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஏழு மணிக்குள் சி ஷிப்ட் முடித்து வருகிறவர்களின் ஷூ அதே வரிசையில் வந்து சேர்ந்துவிடும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்சிக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் வாக்காளர் பட்டியல். முன்பக்கம் ஓனர் வீட்டில் நின்று பத்து நிமிடம் பேசினார்கள். அப்புறம் சந்துக்குள் நுழைந்து முதல் கதவுக்கு வந்தார்கள். அது என் வீடு. நானும் என் மனைவியும் 2013-இலேயே பெயரை இங்கே மாற்றிக்கொண்டோம். நோட்டீஸ் கொடுத்தார்கள், கும்பிட்டார்கள். அடுத்த கதவில் ஒரு பையன் பல் துலக்கிக்கொண்டு நின்றான்.

"தம்பிக்கு ஓட்டு எங்க?"

"பாப்பாரப்பட்டிங்க."

பட்டியலை மடித்துக்கொண்டு சந்தைவிட்டு வெளியே போய்விட்டார்கள். மிச்சம் எட்டுக் கதவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு நானே ஒவ்வொரு கதவாகப் போய்க் கேட்டேன். பாப்பாரப்பட்டி, பென்னாகரம், கடத்தூர், சிங்காரப்பேட்டை, செங்கம், திருப்பத்தூர். எட்டாவது வீட்டில் ஜார்க்கண்ட் பிள்ளைகள் நான்கு பேர். ஒன்பதாவது பூட்டியிருந்தது. கடைசி வீட்டு அக்காவுக்கு மட்டும் இங்கே ஓட்டு. பத்துக் கதவில் இரண்டு.

வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற தண்ணீரும், மழை பெய்தால் சந்துக்குள் ஏறுகிற சாக்கடையும் பத்துக் கதவுக்கும் பொதுதான். ஆனால் கேள்வி கேட்கக்கூடிய எட்டு வீட்டுக்கு இந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இல்லை. பாதுகாப்பான தொகுதி என்கிறார்களே, அந்தப் பாதுகாப்பில் இதற்கும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

தென்பெண்ணை | 2 ஏப்ரல் 2024, காலை 6.15

நல்ல இழை அண்ணா. நான் கிருஷ்ணகிரி டவுன். "பாதுகாப்பான தொகுதி" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

2014-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெரிய கட்சியும் தனித்தனியாக நின்ற தேர்தல். அ.தி.மு.க. 2 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் வந்தது. தி.மு.க. இரண்டாவது. பா.ஜ.க. அணியில் நின்ற பா.ம.க.வின் ஜி.கே. மணி 2 லட்சத்துக்கு மேல் வாங்கி மூன்றாவது. காங்கிரஸில் நின்றவர் இதே செல்லக்குமார்தான், 40 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஐந்தே வருடம் கழித்து அதே மனிதர், அதே தொகுதி, 6 லட்சத்துக்கு மேல் ஓட்டு. நடுவில் மாறியது கூட்டணிதான்.

2021 சட்டமன்றத் தேர்தலில் இதே ஆறு தொகுதிகள் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தன. ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி அ.தி.மு.க.வுக்கு, பர்கூரும் ஓசூரும் தி.மு.க.வுக்கு, தளி இந்தியக் கம்யூனிஸ்ட்டுக்கு. எங்கள் கிருஷ்ணகிரியில் வித்தியாசம் 794 ஓட்டு. அன்றைக்கு ராத்திரி வாக்கு எண்ணும் மையத்துக்கு வெளியே நின்றவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம் பட்டாசு வெடிக்கும், அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கம் வெடிக்கும்.

பர்கூரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 1991-இல் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்து முதல்வராக அனுப்பிய ஊர். 1996-இல் முதல்வராக இருந்தவரையே 8,366 ஓட்டில் தோற்கடித்து சுகவனத்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. இந்த மண்ணில் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. டெல்லி தேர்தலில் மட்டும் பெரிய கூட்டணி பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.

பழைய டர்னர் | 2 ஏப்ரல் 2024, மதியம் 2.05

லைன்வீடு தம்பி சொல்வது முழு உண்மை. ஆனால் எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

நான் சேலத்தில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1982-இல் இங்கே வந்தேன். அப்போது சிப்காட் என்றால் நடுநடுவே ஆலை, மிச்சமெல்லாம் ராகிக் காடு. டி.வி.எஸ். 50 இங்கே தயாராக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அசோக் லேலண்ட் ஆலையும் 1980-இல் வந்ததுதான். டைட்டன் அதற்கப்புறம். மே மாதத்தில்கூட ராத்திரி ஷிப்டுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவோம்.

டர்னராகச் சேர்ந்தேன், ஒரு வருடம் டிரெய்னிங், ஆறு மாதம் ப்ரொபேஷன், அப்புறம் பர்மனென்ட் ஆர்டர். என்னோடு சேர்ந்த முப்பது பேரில் இருபத்தாறு பேருக்கு அந்த ஆர்டர் கிடைத்தது. ஆர்டர் வந்த மறுவருடம் கல்யாணம், அதற்கு அடுத்து சொசைட்டிக் கடன், மத்திகிரி பக்கம் முக்கால் கிரவுண்டு. வீடு கட்டி ரேஷன் கார்டு மாற்றினோம், கூடவே ஓட்டும் இங்கே வந்துவிட்டது. யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. வேலை நிலைத்தது, அதனால் ஆளும் நிலைத்தோம்.

அந்தக் காலத்தில் வேட்பாளர்கள் ஆலை கேட்டிலேயே வந்து நிற்பார்கள். ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து மூன்று கட்சிக் கொடியும் ரோட்டில் இருக்கும். காரணம், கேட்டுக்கு உள்ளே இருந்து வருகிற ஆயிரம் பேரில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டு ஓசூரில் இருந்தது.

இப்போது என் மகன் வேலை பார்க்கிற இடத்தில் கான்ட்ராக்ட், அப்ரென்டிஸ், நீம் டிரெய்னி (அரசுப் பயிற்சித் திட்டத்தில் வருகிறவர்கள்), எஃப்.டி.சி. (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம்) என்று ஏழெட்டு வகை ஆட்கள். சட்டையின் நிறம்கூட வேறு வேறு. பதினொரு மாதம் ஆனதும் ஒரு கூட்டம் போகும், வேறு கூட்டம் வரும். பதினொரு மாதத்துக்கு யார் ஓட்டை மாற்றுவார்கள்? எங்கள் ஆலையில் தொழிற்சங்கத் தேர்தல் வந்தால் ஊரே திருவிழா மாதிரி இருக்கும். அதிலும் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் ஓட்டு. நான் ஓய்வு பெறுகிற வருடம் எங்கள் லைனில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தேர்தலை ஓரமாக நின்று பார்த்தார்கள். எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது. நாங்கள் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்க வேண்டும்.

பாலக்கோடு பையன் | 2 ஏப்ரல் 2024, இரவு 11.50

மன்னிக்கவும், எனக்கு உடன்பாடு இல்லை.

நான் ஓசூரில் நான்கு வருடமாக கான்ட்ராக்டில் இருக்கிறேன், இது மூன்றாவது கம்பெனி. என் ஓட்டு பாலக்கோட்டில்தான். அதை மாற்ற மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

அங்கே எங்கள் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. தக்காளி போட்டு ஒரு வருடம் பெட்டி அறுநூறுக்குப் போகும், அடுத்த வருடம் பறிக்கிற கூலிகூட வராமல் செடியிலேயே விட்டுவிடுவார். போன மழை பொய்த்துவிட்டது, கிணறு வற்றிக் கிடக்கிறது. என் தங்கை அங்கே அரசுக் கல்லூரியில் படிக்கிறாள். மொரப்பூர் ரயில் பாதையைப் பேச ஆள் வேண்டும், ஒகேனக்கல் தண்ணீரைப் பேச ஆள் வேண்டும். தருமபுரி தொகுதியில் 2014-இல் அன்புமணி வந்தார், 2019-இல் செந்தில்குமார் வந்தார், இந்த முறை சௌமியா அன்புமணி நிற்கிறார். கடைசி ஓட்டுவரை இழுக்கும். அங்கே என் ஒரு ஓட்டுக்கு விலை இருக்கிறது.

ஓசூர் எனக்கு என்ன கொடுத்திருக்கிறது? எட்டுக்குப் பத்து அறையில் மூன்று பேர். நாளைக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் எங்களைத்தான் நிறுத்துவார்கள். ஊரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் என் ஓட்டு என் வீட்டுக்கு வேண்டும். ரேஷன், பட்டா, அப்பாவின் முதியோர் பென்ஷன் என்று எதற்குப் போனாலும் அங்கே நாங்கள் ஓட்டுள்ள குடும்பம். அந்தப் பிடியையும் விட்டுவிட்டு இங்கே வந்து நிற்கச் சொல்கிறீர்கள்.

லைன்வீடு | 3 ஏப்ரல் 2024, காலை 5.20

தம்பி, உங்களைக் குறை சொல்லி எழுதவில்லை. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கும் பொருந்தும். நான் மாற்றுவதற்கு எட்டு வருடம் யோசித்தேன். என் அம்மா இருக்கிறவரை மாற்றவே இல்லை.

ஒன்றே ஒன்று. ஓட்டை மாற்றினால் ரேஷன் கார்டு போய்விடும் என்பது சரியில்லை, இரண்டும் வேறு வேறு. என் மாமா வீட்டில் அப்படி யாரோ சொல்லித்தான் பத்து வருடம் பயந்துகொண்டிருந்தார்கள்.

ஏ ஷிப்ட், கிளம்புகிறேன். சாயங்காலம் வந்து எழுதுகிறேன்.

தென்பெண்ணை | 3 ஏப்ரல் 2024, காலை 7.30

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் "சாதாரணமாக வசிக்கும்" இடத்தில்தான் வாக்காளராக இருக்க வேண்டும். சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டும் அங்கே வசிப்பவர் ஆகிவிட முடியாது. தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் ஊரில் வசிக்காதவர் ஆகிவிடவும் மாட்டார். இரண்டும் அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

பாலக்கோடு தம்பி நான்கு வருடத்தில் மூன்று கம்பெனி மாறியவர், தான் தற்காலிகம்தான் என்று அவர் நினைப்பதில் தவறு இல்லை. 19 வருடம் ஆன லைன்வீடு அண்ணா ஓசூர்க்காரர்தான். இரண்டுக்கும் நடுவில் ஏழு வருடம், பத்து வருடம் என்று இருக்கிறார்களே, பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டு "இன்னும் இரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விடுவோம்" என்று சொல்லிக்கொண்டு, அவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள்.

இந்தத் தேர்தலுக்கு நேரம் கடந்துவிட்டது. பெயர் சேர்க்க, மாற்ற மார்ச் 17-தான் கடைசி நாள்.

கெலமங்கலம் ராகி | 3 ஏப்ரல் 2024, இரவு 9.10

எல்லோரும் வெளியூரிலிருந்து ஓசூர் வந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் இங்கேயே இருந்தவர்கள். எங்களைப் பற்றியும் இரண்டு வரி இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், தேன்கனிக்கோட்டை சந்தைக்குப் போனால் கன்னடம். ஓசூர், தளி பக்கம் பாதி வீடு இப்படித்தான். ஓட்டுக் கேட்டு வருகிறவர் தெலுங்கில் நாலு வார்த்தை பேசினால் எங்கள் பாட்டி திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுப்பார். வருகிற 9-ஆம் தேதி உகாதி, அன்றைக்கு எல்லா வேட்பாளரும் எங்கள் ஊர்க் கோயிலில்தான் இருப்பார்கள், பாருங்கள்.

சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த ஊர்கள் எங்கள் சொந்தக்காரர்களின் ஊர்கள். நிலம் போனது, அந்தப் பணத்தில் சிலர் லைன் வீடு கட்டினார்கள். லைன்வீடு அண்ணா சொல்கிற அந்த ஓனர் அப்படிப்பட்டவராகத்தான் இருப்பார். எல்லா ஓனரும் வசதியானவர் இல்லை. பத்துக் கதவு வாடகையை நம்பித்தான் ஒரு குடும்பம் நடக்கிறது, ஏனென்றால் விவசாயம் செய்ய நிலம் இல்லை.

கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு முழுக்க நுரை. பெங்களூர்க் கழிவு அது. ரோட்டுமேல் மூன்று அடி உயரத்துக்கு நுரை வந்து வண்டி போக முடியாமல் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில்தான் கீரை விளைகிறது, நெல் விளைகிறது. இரண்டு மாநிலம் சம்பந்தப்பட்ட விஷயம், எம்.பி. பேசாமல் எம்.எல்.ஏ. பேசி நடக்காது. ஜவளகிரிக் காட்டிலிருந்து இறங்குகிற யானை பற்றியும் அப்படித்தான். ராகி கதிர் முற்றுகிற சமயம் பரண்மேல் ராத்திரி முழுக்க விழித்திருக்கிற ஆட்களும் இந்தத் தொகுதியின் உழைப்பாளிகள்தான்.

லைன்வீடு | 3 ஏப்ரல் 2024, இரவு 10.30

ராகி, நன்றி. நான் எழுதியிருக்க வேண்டியது அது. எங்கள் ஓனரும் நிலம் கொடுத்தவர்தான். இப்போது கம்பெனி நிற்கிற இடத்தில் அவருடைய புளியமரங்கள் இருந்ததாம். மதில் சுவரைக் கடக்கும்போதெல்லாம் கையைக் காட்டுவார்.

ஊத்தங்கரைக்காரி | 5 ஏப்ரல் 2024, இரவு 1.15

அண்ணன்மார்களே, நான் முதல்முறை எழுதுகிறேன். இப்போதுதான் பி ஷிப்ட் முடித்து ஹாஸ்டலுக்கு வந்தேன்.

எனக்கு வயது 23. சூளகிரி பக்கம் ஒரு கம்பெனியில் பாகம் பொருத்துகிற வேலை. ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். எங்கள் அறையில் தருமபுரிப் பிள்ளைகள் மூன்று, திருவண்ணாமலை இரண்டு, நான், ஒடிசா இரண்டு.

என் கதை கொஞ்சம் வேறு. என் ஓட்டு ஊத்தங்கரை. அதுவும் இதே எம்.பி. தொகுதிதான். அப்படியானால் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றும். ஆனால் வேட்பாளர் எங்கள் ஊருக்கு வந்தால் மாங்காய் விலையைப் பற்றிப் பேசுவார், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவதைப் பற்றிப் பேசுவார். எங்கள் அம்மா அப்பாவுக்கு அது வேண்டும்தான். ஹாஸ்டலில் தண்ணீர் வராத நாள் பற்றியோ, ராத்திரி பஸ்ஸை ரோட்டிலேயே நிறுத்தி இறக்கிவிடுவதைப் பற்றியோ கேட்க யாரும் இங்கே வருவதில்லை. இத்தனை பெண்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம், ஒரு கட்சியின் நோட்டீஸ்கூட கேட்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அவசரமான கேள்வி. 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை லீவு கேட்டோம். கான்ட்ராக்டர் சூப்பர்வைசர், "பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் லீவு, நீங்கள் போனால் சம்பளம் பிடிப்போம், அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும்" என்கிறார். அந்த போனஸ் எங்களுக்குப் பெரிய தொகை. என்ன செய்யலாம்?

தென்பெண்ணை | 5 ஏப்ரல் 2024, காலை 6.00

தங்கச்சி, அவர் சொல்வது தவறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி. வணிகம், தொழில், தொழிற்சாலை, எந்த நிறுவனமானாலும் சரி, அங்கே வேலை செய்கிற ஒவ்வொரு வாக்காளருக்கும் வாக்குப்பதிவு நாளில் விடுமுறை தர வேண்டும், சம்பளம் பிடிக்கக் கூடாது. தினக்கூலிக்கும் இது பொருந்தும். கான்ட்ராக்ட் என்று சொல்லித் தள்ள முடியாது. மீறினால் முதலாளிக்கு அபராதம் உண்டு. அது 500 ரூபாய்தான், அதனால்தான் பயம் இல்லாமல் இருக்கிறார்கள். ஆனால் புகார் போனால் தொழிலாளர் துறையிலிருந்து கேள்வி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் ஒருவராகக் கேட்காதீர்கள். எட்டுப் பேரும், முடிந்தால் அந்தத் தளத்தில் இருக்கிற எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகாரும் பதியலாம்.

பழைய டர்னர் | 5 ஏப்ரல் 2024, காலை 9.40

மகளே, கடிதத்தின் மேலே தேதி போடுங்கள். வாங்கியவரிடம் "பெறப்பட்டது" என்று ஒரு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள், ரசீது பத்திரம். நாற்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

கெலமங்கலம் ராகி | 5 ஏப்ரல் 2024, இரவு 8.00

பெங்களூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே பிரச்சினை. என் தம்பி பொம்மசந்திராவில் இருக்கிறான். அவர்களுக்கு வாக்குப்பதிவு 26-ஆம் தேதி, நமக்கு 19. "உங்கள் தேர்தலுக்கு எதற்கு நாங்கள் லீவு விட வேண்டும்" என்று கேட்கிறார்களாம். அத்திப்பள்ளி தாண்டி தினமும் எத்தனை ஆயிரம் பேர் போய் வருகிறார்கள்! மெட்ரோவைப் பொம்மசந்திராவோடு நிறுத்தாமல் ஓசூர்வரை கொண்டுவர வேண்டும் என்று கேட்பதும் இவர்களுக்காகத்தான்.

தென்பெண்ணை | 5 ஏப்ரல் 2024, இரவு 8.45

ராகி, ஓட்டு எங்கே இருக்கிறதோ அந்தத் தொகுதியின் வாக்குப்பதிவு நாள்தான் கணக்கு. வேலை செய்யும் இடம் வேறு மாநிலமாக இருந்தாலும் லீவு உண்டு. தம்பியை வாக்காளர் அட்டை நகலோடு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் மெட்ரோ கேட்கிறீர்கள், எங்கள் கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயிலே இல்லை. மாவட்டத் தலைநகரம், ஆனால் ரயில் நிலையம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் ஓடியது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஜோலார்பேட்டை – கிருஷ்ணகிரி – ஓசூர் பாதை வந்தால் ஊத்தங்கரை, பர்கூர்ப் பிள்ளைகள் லைன் வீட்டிலும் ஹாஸ்டலிலும் முடங்காமல் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வரலாம். ஓட்டும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கும். இந்த இழையில் பேசுகிற பிரச்சினையில் பாதிக்கு மருந்து அந்த ரயில்தான் என்று நான் நம்புகிறேன்.

பாலக்கோடு பையன் | 18 ஏப்ரல் 2024, இரவு 11.20

ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எழுதுகிறேன். நிற்க இடமில்லை. தருமபுரி பஸ் வந்தால் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். மூன்று பஸ் விட்டுவிட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார், பாப்பிரெட்டிப்பட்டி போக வேண்டுமாம்.

ஊத்தங்கரைக்காரி | 19 ஏப்ரல் 2024, இரவு 9.30

ஓட்டுப் போட்டுவிட்டேன்!

கடிதம் கொடுத்தோம் அண்ணா. 41 பேர் கையெழுத்து. முதலில் வாங்கவில்லை. டர்னர் ஐயா சொன்ன மாதிரி தபாலில் அனுப்பப் போகிறோம் என்றதும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். 17-ஆம் தேதி சாயங்காலம், தமிழ்நாட்டு ஆட்களுக்கு மட்டும் லீவு, சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அட்டெண்டன்ஸ் போனஸ் பற்றி அதில் எதுவும் இல்லை. அடுத்த மாதம் சம்பளச் சீட்டு வந்தால்தான் தெரியும்.

சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரிவரை நின்றுகொண்டே வந்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த அறைதான் பூத். வெயில் தாங்கவில்லை, வரிசையில் இருந்தவர்களுக்கு எங்கள் அம்மா குடத்தில் நீர்மோர் கொண்டுவந்து ஊற்றினார்.

லைன்வீடு | 22 ஏப்ரல் 2024, இரவு 10.00

வாக்குப்பதிவு சதவீதம் வந்துவிட்டது. தருமபுரி 81.20, தமிழ்நாட்டிலேயே அதிகம். கிருஷ்ணகிரி 71.50. மாநிலம் மொத்தத்துக்கும் 69.72.

பக்கத்துப் பக்கத்து மாவட்டம், 2004வரை ஒரே மாவட்டம், எப்படி இத்தனை வித்தியாசம் என்று டிவியில் கேட்டார்கள். போட்டி கடுமையாக இருந்தது ஒரு காரணம். 18-ஆம் தேதி ராத்திரி ஓசூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் தெரியும். 19-ஆம் தேதி காலை எங்கள் சந்தில் ஆறு கதவில் பூட்டு. வாசலில் ஒரு ஷூ இல்லை. நானும் மனைவியும் கடைசி வீட்டு அக்காவும் நடந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம், பூத்தில் வரிசையே இல்லை.

பாலக்கோடு தம்பி, நீங்கள் அன்றைக்கு எழுதியதை நிறைய யோசித்தேன். நின்றுகொண்டே ஊருக்குப் போய்ப் போடுகிறவர்களைப் பார்த்து அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அத்தனை அக்கறையும் இங்கே இருந்திருந்தால் இந்தச் சந்துக்குள் கட்சிக்காரர்கள் எத்தனை முறை வந்திருப்பார்கள் என்றுதான் எனக்கு ஆற்றாமை.

தென்பெண்ணை | 5 ஜூன் 2024, காலை 7.00

முடிவு: கோபிநாத், சுமார் 1.92 லட்சம் ஓட்டு வித்தியாசம். அ.தி.மு.க. இரண்டாவது, பா.ஜ.க. 2 லட்சத்தைத் தாண்டி மூன்றாவது, நாம் தமிழர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எதிர் ஓட்டு மூன்றாகப் பிரிந்தது, கூட்டணி ஓட்டு சிந்தாமல் விழுந்தது. தருமபுரியில் தி.மு.க.வின் மணி, சுமார் 21 ஆயிரத்தில் ஜெயித்திருக்கிறார். பாலக்கோடு தம்பி சொன்ன மாதிரி கடைசிவரை இழுத்துவிட்டது.

ஊத்தங்கரைக்காரி | 8 ஜூன் 2024, இரவு 1.30

அண்ணா, போனஸைப் பிடித்துவிட்டார்கள். 41 பேருக்கும். மறுபடியும் கடிதம் எழுதியிருக்கிறோம், இந்த முறை தொழிலாளர் துறைக்கு ஒரு நகல். அது தனியாக நடக்கட்டும்.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். எனக்கு இங்கே மூன்று வருடம் முடிந்துவிட்டது, அக்காவும் ஓசூரில்தான் இருக்கிறாள். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு அடுத்த வாரம் அவளோடு பேடரப்பள்ளியில் வீடு எடுக்கிறோம். 2026-இல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது, என் ஓட்டு ஓசூரில் இருக்க வேண்டும். எந்தப் படிவம்? வாடகை ஒப்பந்தம் எழுதித்தர ஓனர் மாட்டேன் என்கிறார்.

தென்பெண்ணை | 8 ஜூன் 2024, காலை 6.10

படிவம் 8. முன்பு தொகுதி மாறினால் படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது. 2022-க்கு அப்புறம் 6 புதிய வாக்காளர்களுக்கு மட்டும், இடம் மாறுகிறவர்களுக்கு 8. ஆன்லைனிலும் போடலாம். ஓனர் ஒப்பந்தம் தராவிட்டால் பரவாயில்லை. கேஸ் ரசீது, வங்கிப் பாஸ்புக், ஆதார், இவற்றில் ஏதாவது ஒன்றில் புதிய முகவரி இருந்தால் போதும். எதுவுமே இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தைக் கொடுங்கள், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து நேரில் விசாரிப்பார். பழைய இடத்தில் பெயர் தானாக நீக்கப்படும்.

லைன்வீடு | 8 ஜூன் 2024, மாலை 5.45

பாஸ்புக்தான் சுலபம் தங்கச்சி. எங்கள் சந்தில் கடத்தூர்க் குடும்பமும் அப்படித்தான் செய்கிறார்கள். பையன் இங்கே மூன்றாம் வகுப்பு போகிறான், இனி ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நாளை ஞாயிறு, நானும் அவரும் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறோம். அலுவலர் வீட்டுக்கு வருகிற நேரத்தில் நீங்கள் ஷிப்டில் இருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள், பூட்டிய கதவைப் பார்த்தால் "ஆள் இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

ஊத்தங்கரைக்காரி | 8 ஜூன் 2024, இரவு 11.55

சரி அண்ணா. அடுத்த வாரம் ஏ ஷிப்ட். சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.